ஒசாகா கோட்டை: 1,200 யென் கொடுத்துக் கான்கிரீட்டைப் பார்க்க வேண்டுமா?

6 ஏப்ரல் 2025, மாலை (இழையைத் தொடங்கிய வாசகரின் பதிவு)

ஒசாகா கோட்டைக்குப் போய்விட்டு வந்தேன். வெளியே கம்பீரமாக இருக்கிறது. உள்ளே நுழைந்தால் மின்தூக்கி, கண்ணாடிப் பெட்டிகள், நினைவுப்பொருள் கடை. 1931இல் கட்டிய கான்கிரீட் கட்டடம் இது. போன மாதம் வரை 600 யென் வாங்கியவர்கள் இந்த மாதம் முதல் 1,200 யென் வாங்குகிறார்கள். முதல் தடவை ஒசாகா செல்பவர்கள் இதை விட்டுவிட்டு அந்த நேரத்தை டோடோன்போரி கால்வாய்க்கரைக் கடைவீதியில் செலவிடுவதே மேல் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

6 ஏப்ரல் 2025, இரவு (என் மறுப்பு; இதன்பின் வருபவையும் என் பதிவுகளே)

கான்கிரீட் என்பதை ஒப்புக்கொள்கிறேன், வீண் என்பதை மறுக்கிறேன். ஜப்பானை ஒன்றிணைத்த டொயோடோமி ஹிடெயோஷி 1583இல் கட்டத் தொடங்கிய கோட்டையை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறத்தான் செய்வார். அவர் வாரிசுக்கும் டொகுகாவா குடும்பத்துக்கும் நடந்த 1615ஆம் ஆண்டுப் போரில் அந்தக் கோட்டை எரிந்தது. வென்ற டொகுகாவா ஆட்சியினர் அதன்மேல் மண்ணைக் கொட்டிப் புதைத்துவிட்டு, 1620 முதல் அதே இடத்தில் தங்கள் கோட்டையை எழுப்பினார்கள். அவர்களுடைய நடுக்கோபுரமும் 1665இல் இடி விழுந்து எரிந்தது. பிறகு 266 ஆண்டுகள் அந்தக் கல்மேடை வெறுமையாகவே கிடந்தது.

ஹிடெயோஷியின் கோபுரம் நின்றது சுமார் முப்பது ஆண்டுகள். டொகுகாவா கோபுரத்துக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நீங்கள் குறை கூறும் இந்தக் கான்கிரீட் கோபுரமோ தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மூன்றில் தீர்க்காயுசு இதற்குத்தான் வாய்த்திருக்கிறது.

7 ஏப்ரல் 2025

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. இந்தக் கோபுரத்தைக் கட்டியது யாருடைய காசு என்று கேட்டுப் பார்த்தால் அதன்மேல் மதிப்பு கூடும் என்று நினைக்கிறேன்.

1928இல் மேயர் செகி ஹாஜிமே கோபுரத்தை மீண்டும் எழுப்பலாம் என்ற யோசனையை முன்வைத்தார். ஊர்மக்கள் நன்கொடையாக 15 லட்சம் யென் சேர்ந்தது, அதுவும் அரை ஆண்டுக்குள். ஆனால் கோட்டை வளாகம் அப்போது ராணுவத்தின் கையில் இருந்தது. எனவே திரட்டிய பணத்தில் ஏறத்தாழ 8 லட்சம் யென் படைப்பிரிவுக்கு ஒரு தலைமையகம் கட்டிக்கொடுக்கப் போயிற்று. கோபுரத்துக்குச் செலவானது 4,70,000 யென் அளவுதான். ஊரார் கோபுரத்துக்கென்று காசு போட்டார்கள், பெரும்பங்கு ராணுவ அலுவலகத்துக்குப் போனது. அந்தத் தலைமையகம் கோபுரத்துக்கு எதிரிலேயே, ஐரோப்பியக் கோட்டை போன்ற முகப்போடு இன்றும் இருக்கிறது. இப்போது அதற்குள் உணவகங்களும் கடைகளும் நடக்கின்றன. பலர் அதை வாசல் அலங்காரம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

கோபுரத்தின் வெளித்தோற்றத்திலும் ஒரு சமரசம் உண்டு. கீழ்நான்கு அடுக்குகள் வெள்ளைச் சுவர், டொகுகாவா பாணி. உச்சி அடுக்கு மட்டும் கருப்பு, அதில் பொன்னிறப் புலிகள், ஹிடெயோஷி பாணி. வென்ற குடும்பத்தையும் வீழ்ந்த குடும்பத்தையும் ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக உட்காரவைத்தது 1931இன் கற்பனை. அதை அப்படியே, 1931இன் கலைப்பொருளாகவே பாருங்கள் என்பதுதான் என் வாதம்.

8 ஏப்ரல் 2025

"கோட்டைக்குள் மின்தூக்கி வைத்தது அவமானம்" என்று எழுதியவருக்கு: நகோயா கோட்டையின் கதையைப் படித்துப் பாருங்கள். 1945 குண்டுவீச்சில் எரிந்த அதன் கோபுரத்தை 1959இல் கான்கிரீட்டில் கட்டினார்கள். 2018இல் அதைப் பூட்டினார்கள். பழைய அளவுகளின்படி மரத்திலேயே கட்டுவோம் என்று திட்டம் போட்டவர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு மின்தூக்கி வைப்பதா வேண்டாமா என்ற சண்டையில் மாட்டிக்கொண்டார்கள். கோபுரம் இன்னும் பூட்டியபடியே இருக்கிறது.

முழங்கால் வலியோடு வந்த என் மாமியார் ஒசாகாவில் எட்டாம் தளம் வரை போய் நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். மரக்கோபுரமாக இருந்திருந்தால் அவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் கைப்பைகளுக்குக் காவல் இருந்திருப்பார்.

13 ஏப்ரல் 2025

இன்று உலகக் கண்காட்சியின் (எக்ஸ்போ) முதல் நாளுக்கு ஊரே யுமெஷிமா தீவுப் பக்கம் போயிருக்க, நான் கோட்டைக்குப் போனேன். காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியதைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இந்த இழை முழுக்க எல்லாரும் கட்டணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கோட்டையின் உண்மையான பழமை அதன் கல்லில் இருக்கிறது. அகழியும் மதிலும் கட்டணமில்லாதவை. டொகுகாவா ஆட்சி சிற்றரசர்களை அழைத்து ஆளுக்கொரு பகுதி என்று பிரித்துக் கட்டச் சொன்னது; மறுக்க யாருக்கும் துணிவு இல்லை. சகுராமோன் வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் கல்லைப் பாருங்கள். ஒகயாமாவை ஆண்ட இகெடா குடும்பத்தார் கடல் வழியாகக் கொண்டுவந்து நிறுத்தியது. அகலம் சுமார் 11.7 மீட்டர், உயரம் 5.5 மீட்டர், எடை 108 டன் இருக்கும் என்று கணித்திருக்கிறார்கள். அதன் இடது கீழ்மூலையில் பழுப்புநிறக் கறை ஒன்று ஆக்டோபஸ் போலத் தெரிவதால் அந்தப் பெயரிலேயே அழைக்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முகப்பு அத்தனை பெரியதாக இருந்தாலும் கல்லின் கனம் ஒரு மீட்டர்கூட இல்லை என்கிறார்கள். வருகிறவனை வாயடைக்கச் செய்ய முகம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கல்வேலையில் இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவை ஒருமுறை இங்கே அழைத்து வந்தேன். அவர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததைவிட மதிலின் ஓரத்தைப் பார்த்ததே அதிகம். பாறையைப் பிளக்க வரிசையாகக் குழியடித்து ஆப்பு இறக்கிய தடம், தபால்தலையின் விளிம்பு மாதிரி, பல கற்களில் அப்படியே இருக்கிறது. ஒரு குழிக்குள் இரண்டு விரலை விட்டு அளந்துவிட்டு, "நாங்களும் இப்படித்தான் அடிப்போம், இவ்வளவு அகலம் வைக்க மாட்டோம்" என்றார். சில கற்களில் எந்தச் சிற்றரசரின் ஆட்கள் கொண்டுவந்தது என்பதைக் காட்டும் குறிகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன. வட்டம், அம்பு, விசிறி என்று பலவகை. கோபுரத்துக்குப் பின்புறம் வடக்கே இறங்கினால் அத்தகைய கற்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே கூட்டமே இருக்காது.

14 ஏப்ரல் 2025

நேற்று விட்டுப்போன ஒன்று. "அசல் மரவேலை எதுவுமே இல்லையா?" என்று கேட்டவருக்கு இது பதிலாகும். நடுக்கோபுரத்தின் நுழைவாயிலுக்கு முன்னால், வரிசை நிற்கும் இடத்தருகே ஒரு கிணறு இருக்கிறது. அதன்மேல் நான்கு தூண் தாங்கும் சிறிய ஓட்டுக்கூரை. 1626இல் கட்டியது, இடி விழுந்த 1665இலும் தப்பியது, 1868 உள்நாட்டுப் போர்த் தீயிலும் தப்பியது. அரசு பாதுகாக்கும் பண்பாட்டுச் சின்னம். நுழைவுச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கூரைக்கு முதுகைக் காட்டி நின்றபடி, "இங்கே எல்லாம் புதுசு" என்று சலித்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளி மதிலில் 1620ஆம் ஆண்டின் காவல்மாடங்கள் இரண்டும் இருக்கின்றன. சில பருவங்களில் மட்டும் ஒன்றைத் திறந்து உள்ளே விடுவார்கள்.

20 ஏப்ரல் 2025

இழையைத் தொடங்கியவர் மீண்டும் கேட்டிருக்கிறார்: "சரி, வெளியே இலவசமாகப் பார்த்துவிட்டேன். உள்ளே 1,200 யென்னுக்கு என்ன இருக்கிறது?"

நேர்மையாகச் சொன்னால், ஞாயிறு நண்பகலில் உள்ளே போவதை நானும் தடுப்பேன். தளங்கள் குறுகியவை, மின்தூக்கிக்கு வரிசை, படிக்கட்டில் நெரிசல். ஆனால் திறந்தவுடன் போனால் ஐந்தாம் தளத்தில் நிதானமாக நிற்க முடியும். 1615 கோடைப்போரைக் காட்டும் மடிப்புத்திரை ஓவியத்தை அங்கே விளக்கியிருக்கிறார்கள். அசல் திரையை எப்போதாவதுதான் வெளியே எடுப்பார்கள் என்றாலும், விளக்கப் படங்களே போதும். அதில் 5,071 மனிதர்களை எண்ணியிருக்கிறார்கள்.

வலப்பாதி வழக்கமான போர்க்காட்சி: கொடி, குதிரை, கவசம். இடப்பாதியைத்தான் நெருங்கிப் பார்க்க வேண்டும். தோற்ற பக்கத்து ஊர்மக்கள் வடக்கே ஓடுகிறார்கள். ஆற்றை நீந்திக் கடக்கிறார்கள். வென்ற படையின் வீரர்கள் பெண்களின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள், மூட்டைகளைப் பறிக்கிறார்கள். இதை வரையச் செய்தவர் வென்ற பக்கத்தில் நின்று போரிட்ட குரோடா நாகமாசா என்பதே கூடுதல் வியப்பு. வெற்றி ஓவியத்தின் பாதியைத் தோற்றவர்களின் அலறலுக்கு விட்டுக்கொடுத்த வெற்றியாளரை நான் அதிகம் கண்டதில்லை. எனக்கு 1,200 யென் அந்த இடத்திலேயே செரித்துவிடுகிறது.

கட்டணம் கூடியதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புதைந்த ஹிடெயோஷியின் மதிலில் ஒரு பகுதியைத் தோண்டியெடுத்து, இந்த ஏப்ரல் முதல் கீழே இறங்கிப் பார்க்க வழிசெய்திருக்கிறார்கள். அதே சீட்டு போதும். டொகுகாவா மதிலின் செதுக்கிய பெரும்பாறைகளைப் பார்த்த கண்ணோடு இதைப் பாருங்கள். சின்னதும் பெரியதுமாக, அதிகம் செதுக்காத கற்களை அடுக்கியிருப்பார்கள். இடையில் அரை நூற்றாண்டுகூட இல்லை. கல்தொழில் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது தெரியும். இன்னொரு செய்தி, நடுநிலைப்பள்ளி வரையிலான பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

3 மே 2025

பொன்வாரம், அதாவது ஜப்பானின் தொடர் விடுமுறை வாரம். இந்த வாரத்தில் கோட்டைக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். வேண்டாம்.

25 மே 2025

டோடோன்போரிக்கு வருவோம். "கோட்டையை விட்டு அங்கே போங்கள்" என்பதில்தானே இந்த இழை தொடங்கியது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது சரியாகப் படவில்லை, ஏனெனில் அவை ஒரே கதையின் இரு முனைகள். அந்தக் கால்வாயை 1612இல் தன் சொந்தப் பொறுப்பில் வெட்டத் தொடங்கியவர் டோடோன் என்ற ஊர்ப்பிரமுகர். வேலை முடியுமுன் 1615 போரில் டொயோடோமி பக்கம் நின்று இறந்தார். உறவினர்கள் அதே ஆண்டு வெட்டி முடித்தார்கள். டொகுகாவா தரப்பில் நியமிக்கப்பட்ட புதிய கோட்டைத் தலைவர், எதிரணியில் நின்று மாண்ட அந்த மனிதரின் பெயரையே கால்வாய்க்குச் சூட்டினார். கோட்டை எரிந்த ஆண்டில் கால்வாயில் தண்ணீர் ஓடியிருக்கிறது.

இன்று அங்கே எல்லாரும் இரு கையையும் தூக்கி நின்று படமெடுக்கும் கிளிகோ மிட்டாய் நிறுவனத்தின் ஓட்டக்காரர் விளம்பரம் 1935இல் முதலில் வந்தது. இப்போது ஒளிர்வது 2014இல் வைத்த ஆறாவது. பாருங்கள், அதையும் ஐந்து முறை கழற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், ஆனால் "இது அசல் ஓட்டக்காரர் இல்லை" என்று ஒருவரும் இழை தொடங்குவதில்லை.

இரைச்சல் தாங்கவில்லை என்றால் தெற்கே ஒரு சந்து திரும்பி ஹோசென்ஜி கோவிலுக்குப் போங்கள். தெய்வச்சிலையின் மேல் வேண்டிக்கொள்பவர்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி, முகம் தெரியாத அளவுக்குப் பாசி மூடியிருக்கிறது. அகப்பை அருகிலேயே இருக்கும்.

29 மே 2025

சைவ உணவு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒகொனொமியாகி என்ற ஒசாகா அடையின் மாவில் முட்டைக்கோஸ்தானே என்று நம்பி உட்கார வேண்டாம். மாவு கரைப்பதே பெரும்பாலும் மீன்சாற்றில், மேலே தூவுவதும் மீன்சீவல். தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசிக்கருவாடு என்கிறோமே, ஏறக்குறைய அதே சூரை மீன். உடோன் நூடுல்ஸின் சாறும் அப்படியே. ஒசாகாவின் ஷின்செகாய் கடைவீதியில் தாமரைக்கிழங்கு, வெங்காயம் என்று குச்சியில் குத்திப் பொரித்துத் தருவார்கள். அதே எண்ணெயில்தான் இறைச்சியும் பொரியும், மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு. கண்டிப்பானவர்கள் காலையிலேயே கைப்பையில் எலுமிச்சைச் சோறு கட்டிக்கொள்ளலாம். கோட்டைப் பூங்காவில் புல்தரை நிறைய இருக்கிறது.

12 ஜூலை 2025

உலகக் கண்காட்சிக்கு ஒருவழியாகப் போய்வந்தேன். கோட்டை இழைக்கு அங்கிருந்து ஒரு தகவல். டொகுகாவா கோட்டைக்கென்று வெட்டியும் எடுத்துச்செல்லப்படாமல், கியோட்டோ மாவட்டத்துக் கிசுகாவா ஆற்றங்கரையில் நானூறு ஆண்டு கிடந்த கற்கள் உண்டு. அவற்றில் சிலவற்றைக் கொண்டுவந்து நிமிர்த்தி, ஒரு கழிவறைக் கட்டடத்தின் தூண்களாக நிறுத்தியிருந்தார்கள். பழஞ்சின்னத்தை இப்படிப் பயன்படுத்தலாமா என்று ஜப்பானியர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் உள்ளே போய்வந்து தூணைத் தடவிப் பார்த்தேன். ஆப்புக்குழிகள் இருந்தன. அரண்மனை வேலைக்கென்று கிளம்பி, கடைசியில் அரையாண்டு ஒப்பந்தத்தில் கழிவறைக் காவல் கிடைத்த கல்லை நினைத்துச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

14 ஆகஸ்ட் 2025

இன்றைய நாளுக்காக. கோட்டையை ஒட்டிய பரப்பில்தான் ராணுவத்தின் மாபெரும் படைக்கலத் தொழிற்சாலை இருந்தது. சரணடைவு அறிவிப்புக்கு முந்தைய நாள், 1945 ஆகஸ்ட் 14 அன்று, அதன்மேல் கடைசிப் பெரும் குண்டுவீச்சு நடந்தது. பக்கத்துக் கியோபாஷி ரயில் நிலையத்தில் விழுந்த குண்டுகளில் ஒதுங்கி நின்ற பயணிகள் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஆண்டுதோறும் இந்நாளில் அங்கே அஞ்சலி நடக்கிறது.

1931இன் கோபுரம் தப்பியது. ஆனால் அதைத் தாங்கும் கல்மேடையின் வடகிழக்கு மூலையைச் சுற்றிப் போய்ப் பாருங்கள்: போர்க்காலக் குண்டு அதிர்ச்சியில் நகர்ந்த கற்கள் வரிசை பிசகி நிற்கின்றன. வடக்குப் பகுதி மதிலில் விமானத் துப்பாக்கி பாய்ந்த குழிகளும் உண்டு. "கான்கிரீட்டுக்கு ஏது வரலாறு" என்று ஏப்ரலில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் அந்த மூலையைப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

21 செப்டம்பர் 2025

ஷின்செகாயின் சூதென்காகு கோபுரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். 1912இல் முதலில் கட்டியது, 1943இல் தீப்பட்டதும் போருக்கு இரும்பு வேண்டும் என்று பிரித்தெடுத்தார்கள். 1956இல் மீண்டும் எழுந்தது, அந்த வட்டாரத்துக் கடைக்காரர்கள் காசு போட்டதால். வடிவமைத்த நைதோ தாச்சூதான் இரண்டு ஆண்டு கழித்து டோக்கியோ கோபுரத்தையும் எழுப்பியவர். உள்ளே உள்ளங்காலைத் தடவினால் அதிர்ஷ்டம் தரும் பில்லிகென் என்ற பொம்மைத்தெய்வம் இருக்கிறது. அதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1908இல் ஓர் ஓவிய ஆசிரியை உருவாக்கியது. இப்போதிருப்பது மூன்றாவது பொம்மை. ஒசாகாக்காரர்களுக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, வரிசையில் நின்று காலைத் தடவுகிறார்கள்.

ஷிதென்னோஜி கோவிலும் இப்படித்தான். 593இல் நிறுவிய கோவில் என்று போய் நின்றால், ஐந்தடுக்குக் கோபுரம் கான்கிரீட். 1934 புயலில் சாய்ந்தது, 1940இல் கட்டினார்கள், 1945இல் எரிந்தது, 1959இல் மறுபடி கட்டினார்கள். கான்கிரீட்டுக்காகக் கோட்டையை ஒதுக்குகிறவர் இதையும் ஒதுக்க வேண்டியிருக்கும். இன்று 21ஆம் தேதி, மாதச்சந்தை நாள். பழைய கிமோனோவும் பீங்கானும் விற்கிறவர்கள் முற்றம் முழுக்கக் கடை விரித்திருந்தார்கள்.

16 நவம்பர் 2025

ஏப்ரலில் மேயர் செகி ஹாஜிமேயைப் பாதியில் விட்டிருந்தேன். இன்று மிடோசுஜி சாலையில் நடந்தபோது நினைவு வந்தது. ஜிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிட்டன. இந்த 44 மீட்டர் அகலச் சாலையும், அதன் அடியில் 1933இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயிலும் அவர் காலத்துத் திட்டங்கள். விமானத் தளமா போடப்போகிறார் என்று ஊர் கேலி செய்திருக்கிறது. தொடக்கத்தில் ஒற்றைப் பெட்டி ஓடிய ரயிலுக்குப் பல பெட்டிகள் நிற்கும் நீளத்தில் நடைமேடை கட்டிவைத்தார்கள். நெரிசலில் நசுங்கி நிற்கும்போது அந்த நீளத்தின் அருமை தெரிகிறது.

வடக்கே நடந்தால் நகனோஷிமாவில் 1918இல் திறந்த செங்கல் பொதுமண்டபம். பங்குத் தரகர் இவாமோதோ எய்னொசுகே, அமெரிக்காவில் செல்வர்கள் ஊருக்குக் கொடையளிப்பதைக் கண்டு திரும்பி, 1911இல் பத்து லட்சம் யென் நகரத்துக்கு அளித்தார். பின்னர் சந்தையில் பெரும் இழப்பு. கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்பக் கேளுங்கள் என்று வேண்டியவர்களுக்கு மறுத்துவிட்டார் என்பார்கள். மண்டபம் முடியுமுன், 1916இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கோட்டையைப் போலவே இதையும் எழுப்பியது ஊர்க்காசுதான். ஆனால் இங்கே கொடுத்தவர் ஒரே ஒருவர். மாலையில் வெளியே நின்று பார்க்கக் கட்டணம் இல்லை.

17 நவம்பர் 2025

"ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. ஒசாகா கோட்டையா, ஹிமெஜி கோட்டையா?" என்ற கேள்விக்கு: மரக்கோபுரம்தான் உங்கள் நாட்டம் என்றால் தயங்காமல் ஹிமெஜி. 1609இல் எழுந்த அசல் கட்டடம்; ஜப்பானில் பழைய நடுக்கோபுரங்கள் மிஞ்சியிருப்பதே பன்னிரண்டு. ஒசாகா நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அங்கே மின்தூக்கி கிடையாது, மேல்தளத்துப் படிகள் ஏணிக்குச் சமம், மாமியாரை அழைத்துப் போகும் எண்ணம் இருந்தால் மறுபரிசீலனை செய்யுங்கள். சுறுசுறுப்பானவர்கள் அதிகாலையில் ஒசாகா மதிலை ஒரு சுற்று நடந்துவிட்டு ஒன்பது மணி ரயிலில் ஹிமெஜிக்குப் போகலாம். நான் விருந்தினர்களை அப்படித்தான் அனுப்புகிறேன். உள்ளே காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் சுமக்க வேண்டும், குளிர்காலத்தில் பலகை பனிக்கட்டியாகச் சுடும். கனமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டை இல்லாததாக.